நிலவில் தளம்: எந்த வாதம் நிற்கும், எது சரியும்?

கேள்வி: நிலவில் மனிதர்கள் நிரந்தரமாகத் தங்கும் தளம் வேண்டும் என்று ஒரு விவாத அரங்கில் ஆதரித்துப் பேச வேண்டியிருக்கிறது. தேடினால் ஹீலியம்-3, மனித குலத்துக்கு மாற்று வீடு என்றெல்லாம் வருகிறது. எதிரணி குறுக்குக் கேள்வி கேட்டால் எது தாங்கும்? தளம் என்றால் நடைமுறையில் என்னென்ன, எவ்வளவு வேண்டும்?

பதில்: நீங்கள் சொன்ன இரண்டையும் முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அணுக்கரு இணைவுக்கு எரிபொருளாகும் என்று சொல்லப்படும் ஹீலியம்-3 நிலவு மண்ணில் இருப்பது உண்மைதான். இருக்கும் அளவு, நல்ல இடத்திலேயே, நூறு கோடியில் பத்து இருபது பங்கு. ஒரு கிலோ கிடைக்க ஐம்பதாயிரம் டன்னுக்குக் குறையாமல் மண்ணைத் தோண்டிச் சூடாக்க வேண்டும். எடுத்த பிறகும் அதைக் கொண்டு மின்சாரம் தரும் இணைவு உலை உலகில் எங்குமில்லை. 'மாற்று வீடு' வாதம் இன்னும் மோசம். பம்புக்கு ஒரு வாஷர் தேய்ந்தாலும் பூமியை எதிர்பார்க்கும் தளம், பூமிக்கு ஏதாவது ஆனால் சில மாதத்தில் தானும் போய்விடும்.

தொலைநோக்கி வாதத்தையும் பார்த்துப் பயன்படுத்துங்கள். சுமார் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான ரேடியோ அலைகளை நம் அயனிமண்டலம், அதாவது மேல்வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு, தடுத்துவிடுகிறது. நிலவின் மறுபக்கம் பூமியின் ரேடியோ இரைச்சலே எட்டாத இடம். அங்கே அலைவாங்கி வைப்பது அருமையான யோசனை. ஆனால் பக்கத்தில் ஆள் குடியேறினால் அந்த அமைதிதான் முதலில் கெடும். இது நிலவுக்கான வாதம், குடியிருப்புக்கான வாதம் அல்ல. எதிரணி இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

தாங்கும் வாதம் இதுதான்: சில வேலைகள் நீண்ட நாள் இருந்து, பழுதானதைக் கையால் சரிசெய்து, மறுபடி மறுபடி அதே இடத்துக்குப் போனால்தான் நடக்கும். அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் 1956 முதல் ஆண்டு தவறாமல் ஓசோனை அளந்துவந்தார்கள். ஓட்டை விழுந்திருப்பது 1985இல் வெளிப்பட்டது அந்த நெடுங்கணக்கினால்தான். அவ்வப்போது போய்வரும் குழுவுக்கு அது சிக்கியிருக்காது.

ரோபோ போதாதா என்று கட்டாயம் கேட்பார்கள். எண்களோடு பேசுங்கள். அப்பல்லோ பயணங்கள் ஆறும் சேர்ந்து கொண்டுவந்த பாறையும் மண்ணும் 382 கிலோ. ஆளில்லாமல் சோவியத்தின் லூனா, சீனாவின் சாங்-இ கலங்கள் இதுவரை கொண்டுவந்தது எல்லாம் சேர்த்து நான்கு கிலோதான். செவ்வாயில் ஆப்பர்சூனிட்டி ரோவர் 14 ஆண்டுகளில் ஓடியது 45 கி.மீ.; 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வண்டி மூன்று நாளில் ஓடியது 35 கி.மீ. அந்தப் பயணத்தில்தான் ஹாரிசன் ஷ்மிட், தொழிலால் புவியியலாளர், சாம்பல் தரையில் ஆரஞ்சு நிறம் தெரிவதைக் கண்டு அங்கேயே பள்ளம் வெட்டினார். அது 350 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய எரிமலைக் கண்ணாடி மணிகள். அப்பல்லோ கொண்டுவந்த அத்தகைய மணிகளுக்குள் நீரின் தடயம் இருப்பது 2008இல் தெரியவந்தது.

விவரம் தெரிந்த எதிராளி லூனோகோட் 2 பற்றிக் கேட்பார். 1973இல் பூமியிலிருந்தே ஓட்டப்பட்டு, நாலே மாதத்தில் 39 கி.மீ. ஓடிய சோவியத் ரோவர் அது. உண்மை, நிலவுக்குச் சிக்னல் போய்வர இரண்டரை நொடிதான், இங்கிருந்தே ஓட்டலாம். அது எப்படிச் செத்தது என்பதைச் சொல்லுங்கள். திறந்திருந்த மூடி ஒரு பள்ளத்தின் சுவரில் உரசி மண்ணை வாரிக்கொண்டது. மூடியை மூடியதும் அந்த மண் ரேடியேட்டர் மேல் கொட்டியது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் வண்டி வெந்துபோனது. ஒரு ஆள் தூரிகையோடு பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அப்பல்லோ 17இலும் கிட்டத்தட்ட இதேதான் நேர்ந்தது: சுத்தியல் பட்டுச் சக்கரக் காப்பு உடைந்து, ஓடும்போதெல்லாம் மண் மழையாகக் கொட்டியது. நான்கு வரைபடத் தாள்களை டேப்பால் ஒட்டி, கிளிப் போட்டு மாட்டினார்கள். மிச்ச ஓட்டம் முழுக்க அந்தத் தாள்தான் தாங்கியது. (மனிதன் கெடுப்பதும் உண்டு. அப்பல்லோ 16இல் ஜான் யங்கின் கால் பட்டு வெப்ப அளவுக் கருவியின் கம்பி அறுந்து, அந்தச் சோதனையே போனது.) ஆகவே தோண்டுவது, சுமப்பது எல்லாம் பூமியிலிருந்து ஓட்டப்படும் இயந்திரங்களுக்கு, பழுதுபார்ப்பதும் எதை எடுப்பது என்று தீர்மானிப்பதும் அங்கே இருக்கும் நாலு பேருக்கு. இப்படிப் பிரித்துச் சொன்னால் 'ரோபோவா மனிதனா' என்ற சண்டையே எழாது.

இன்னொன்று உடல். எடையின்மையில் எலும்பும் தசையும் என்ன ஆகும் என்று விண்வெளி நிலையம் சொல்லிவிட்டது. முழு ஈர்ப்பு நமக்குத் தெரியும். நிலவின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் மனிதர் யாரும் 75 மணி நேரத்துக்கு மேல் இருந்ததில்லை. செவ்வாய்க்குப் போகுமுன் இந்த இடைப்புள்ளி தெரிய வேண்டும். நிலவிலிருந்து வீட்டுக்கு மூன்று நாள், செவ்வாயிலிருந்து மாதக்கணக்கு.

இனி நடைமுறை. இடம் தென் துருவம் என்று எல்லோரும் சொல்வது வெறும் பனிக்கட்டிக்காக அல்ல. நிலநடுக்கோட்டில் இரவு 14 நாளுக்கு மேல், அதாவது சுமார் 354 மணி நேரம். தளத்துக்கு 30 கிலோவாட் தேவை என்று வைத்தால், ஓர் இரவைத் தாண்ட 10,600 யூனிட் சேமிக்க வேண்டும். கிலோவுக்கு 200 வாட்-மணி தாங்கும் பேட்டரியில் அது 53 டன்! நிலவின் அச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருப்பதால், துருவத்தில் சில முகடுகளில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் உண்டு. தொடர் இருட்டு சில நாளில் முடியும். நான்கு நாள் என்றால் பேட்டரி 14 டன்னாக இறங்கும். இதற்குப் போட்டியாக நாசா திட்டமிட்ட 40 கிலோவாட் அணு உலையின் எடை இலக்கு 6 டன்னுக்குள். அதைத் தளத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்து, கேபிள் இழுக்க வேண்டும். எங்கள் பார்வையில் உலை இல்லாமல் 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை; சூரியத் தகடு உடன் துணை.

பனிக்கட்டி பற்றி ஒரு கணக்கு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆக்சிஜன் 0.84 கிலோ, தண்ணீர் 3.8 லிட்டர், உணவு உறையோடு 1.8 கிலோ. நாலு பேருக்கு ஓராண்டில் தண்ணீர் ஐந்தரை டன். விண்வெளி நிலையம் 98 சதவீதம் தண்ணீரை மீட்டெடுக்கிறது. அதே திறன் வந்தால் ஆண்டுக்கு 111 லிட்டர்தான் வெளியிலிருந்து தேவை. ஆக, குடிப்பதற்காக யாரும் பனிக்கட்டி தோண்டத் தேவையில்லை. சுமையில் கனமானது உணவு, 2.6 டன், அதற்கு மேல் உதிரி பாகங்கள். பனிக்கட்டியின் மதிப்பு ராக்கெட் எரிபொருளில்தான். 9 கிலோ நீரை மின்னாற்பகுத்தால் 8 கிலோ ஆக்சிஜன், 1 கிலோ ஹைட்ரஜன்.

ஆனால் அங்கே நாங்கள் அவசரப்பட மாட்டோம். 2009 அக்டோபரில் நாசாவின் எல்கிராஸ் பயணம் மோதிப் பார்த்த, தென் துருவப் பகுதியிலுள்ள கேபியஸ் பள்ளத்தில் கணக்கிட்ட நீர் எடையில் 5.6 சதவீதம், அதிலும் பிழை வரம்பு ஏறக்குறைய மூன்று சதவீதம். ஒரே இடத்து அளவு. வெயிலே படாத பள்ளம், மைனஸ் 200 டிகிரிக்கும் கீழ். அந்தக் குளிரில் மசகெண்ணெய் உறையும், உலோகம் நொறுங்கும். 2025 மார்ச்சில் துளைக்கருவியோடு தென் துருவப் பகுதிக்குப் போன அதீனா லேண்டர் சாய்ந்து விழுந்து, ஒரு துளைகூடப் போடவில்லை. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றுவதால் சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் விழும்; தரை பள்ளமா மேடா என்று கேமராவுக்குப் புரியாது. மாறாக, காலடி மண்ணிலேயே எடையில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் பாறையோடு பிணைந்து இருக்கிறது. 1,600 டிகிரியில் உருக்கி மின்சாரம் பாய்ச்சினால் பிரியும். அடியில் இரும்பும் சிலிக்கானும் மிஞ்சும். மீத்தேன் ராக்கெட் எஞ்சினுக்கு ஏற்றும் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஆக்சிஜன்தான். அதை மட்டும் அங்கே தயாரித்தாலே பெரும் சுமை குறையும். முதலில் மண்ணிலிருந்து ஆக்சிஜன், பிறகு பள்ளத்துப் பனிக்கட்டி என்ற வரிசையையே பரிந்துரைக்கிறோம்.

கட்டடம். பூமியில் கூரை கீழே இறங்கிவிடுமோ என்று பயப்படுவோம். அங்கே கதை தலைகீழ்: கூரை மேலே பிய்த்துக்கொண்டு போகும். உள்ளே 56 கிலோபாஸ்கல் காற்றழுத்தம் (பூமியில் உள்ளதில் பாதிக்குச் சற்று மேல்) வைத்தால், இரண்டு சதுர மீட்டர் கதவின் மேல் மட்டும் 11 டன் எடைக்குச் சமமான விசை வெளிநோக்கித் தள்ளும். மேலே இரண்டரை மீட்டர் மண்ணைக் குவித்தாலும் அது கீழ்நோக்கி அழுத்துவது ஆறரை கிலோபாஸ்கல்தான், ஒன்பதில் ஒரு பங்கு. அதனால் செங்கல், கான்கிரீட் வளைவு போன்ற அழகான படங்களைக் கண்டு மயங்காதீர்கள். இழுவிசை தாங்கும் உலோக உருளை அல்லது காற்றடைத்தால் விரியும் நெய்த கூடு உள்ளே, மண் வெளியே போர்வையாக.

அந்தப் போர்வை எதற்கு? நிலவின் தரையில் சாங்-இ 4 அளந்த கதிர்வீச்சு நாளுக்கு சுமார் 1.37 மில்லிசீவெர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஓராண்டுக்கு 500. நாசா தன் வீரருக்கு வாழ்நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பு 600. சில பத்து செ.மீ. மண் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் மண்ணில் மோதி நியூட்ரான்களைத் தெறிக்கவைக்கும். இரண்டிலிருந்து மூன்று மீட்டர் வேண்டும். வெப்பத்துக்கும் மண் நல்ல காப்பு: சந்திரயான்-3 அளந்தபோது மேல்மண் 50 டிகிரி அளவில் இருக்க, வெறும் 8 செ.மீ. ஆழத்தில் மைனஸ் 10. நாலரை மீட்டர் விட்டமும் எட்டு மீட்டர் நீளமும் உள்ள ஒரே ஓர் உருளையை மூட, சரிவையும் சேர்த்தால் ஆயிரம் டன்னுக்கு மேல் மண் தேவைப்படும். ஒரு டன் எடையுள்ள மண்வாரி அங்கே 165 கிலோ போலத்தான் தரையை அழுத்தும். வாளியைக் குத்தினால் மண் நகராது, வண்டிதான் பின்னால் நகரும். அதனால்தான் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு உருளைவாளிகள் கொண்ட தோண்டி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றின் தள்ளலை மற்றது ஈடுகட்டும்.

56 கிலோபாஸ்கல் என்ற எண்ணும் சும்மா வந்ததல்ல. விண்வெளி உடைக்குள் அழுத்தம் 30 கிலோபாஸ்கல் அளவு. பூமி அழுத்தத்திலிருந்து நேரே அதற்குள் நுழைந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும்; அதைத் தவிர்க்கப் பல மணி நேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வேண்டும். 56இல், 34 சதவீத ஆக்சிஜனோடு வாழ்ந்தால் அந்தக் காத்திருப்பு அரை மணிக்குள் அடங்கும். வாரத்துக்குப் பலமுறை வெளியே போகும் தளத்துக்கு இது பெரிய லாபம். விலை: அந்தக் காற்றில் தீ எளிதில் பற்றும். துணி, நுரை, கேபிள் உறை ஒவ்வொன்றையும் அதே காற்றில் எரித்துப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும்.

தூசிதான் கடைசி எதிரி, எங்களைக் கேட்டால் முதல் எதிரி. காற்றோ நீரோ தேய்க்காத துகள், கண்ணாடிச் சில்லு போல் கூர், மின்னேற்றத்தால் ஒட்டிக்கொள்ளும். மூன்றே நாளில் அப்பல்லோ உடைகளின் இணைப்பு வளையங்கள் இறுகின, ஷ்மிட்டுக்குத் தும்மலும் மூக்கடைப்பும் வந்தன. மூன்று ஆண்டு ஓடும் கதவின் ரப்பர் வளையம் என்ன பாடுபடும்? உடையை வெளிச்சுவரிலேயே மாட்டி, முதுகு வழியாக உள்ளிருந்து நுழையும் அமைப்பு இதற்காகத்தான். இறங்குதளமும் இதே கணக்கில் சேரும்: அப்பல்லோ 12 இறங்கியபோது சுமார் 160 மீட்டர் தள்ளி ஏற்கெனவே நின்ற ஆளில்லாக் கலமான சர்வேயர் 3 மேல் மண் சீறி அடித்து, மேற்பூச்சை உரித்தது. ஒவ்வொரு சரக்குக் கலமும் அப்படி அடித்தால் உங்கள் ரேடியேட்டர் எத்தனை நாள் தாங்கும்? இதற்கு மருந்து: மண்ணை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு இறுக்கிய இறங்குதளம், நடுவில் ஒரு மண்மேடு, ஒரு கிலோமீட்டர் இடைவெளி.

சட்டம் பற்றிக் கேட்டால் ஒரு வரி போதும்: 1967 விண்வெளி ஒப்பந்தப்படி நிலவின் எந்தப் பகுதியையும் எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது; ராணுவத் தளம் கூடாது, அமைதிப் பணிக்கான தளம் வைக்கத் தடையில்லை.

செலவுக்குத்தான் எதிரணி கடைசிவரை நிற்கும். மனிதரை மறுபடி நிலவுக்கு அனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் முதல் நான்கு ஏவல்கள் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கை அலுவலகம் 2022இல் சொன்னது. இதை மறைக்காதீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு வரிசையை முன்வையுங்கள்: ஆளில்லாமல் உலை, தோண்டி, ஆக்சிஜன் ஆலை முதலில் இறங்கட்டும். ஆலை அங்குள்ள ஒரு நீண்ட இருட்டுக் காலத்தை முழுதாகத் தாண்டி ஓடி, நாலு பேருக்கு ஓராண்டுக்குத் தேவையான 1.2 டன் ஆக்சிஜனைத் தொட்டியில் நிரப்பிக் காட்டட்டும். அது நிறைந்த பிறகுதான் ஆட்களுக்கான ராக்கெட்டுக்குப் பணம். நிறையவில்லை என்றால் இழப்பு இயந்திரங்களோடு நிற்கும்.