லாரி டிரைவர்களுக்கு வாரம் மாறும் ஷிப்ட் கொண்டுவருகிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

நீங்கள் இதுவரை நடைக் கணக்கில், அதாவது ஒரு டிரிப்புக்கு இவ்வளவு என்று, லைன் வண்டி (நெடுந்தூர லாரி) ஓட்டியவர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் ஷிப்ட் என்றதும் ஏதோ கட்டிப்போட வருகிற மாதிரிதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஷிப்ட் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, காலை-மதியம்-இரவு என்றா, இல்லை தலைகீழாகவா என்று பாருங்கள்.

நான் சங்ககிரிக்காரன். 16 வருடம் லைன் வண்டி. இடுப்பு வலி வந்த பிறகு ஓசூரில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் சேர்ந்தேன். ஓசூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஆட்டோ பார்ட்ஸ் லோடு. முழுத் தூரமும் ஒரே ஆள் போக வேண்டியதில்லை. நாங்கள் பள்ளிகொண்டா வரை ஓட்டுவோம், அந்தப் பக்கத்து டிரைவர் அங்கே வருவார், வண்டியை மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவோம். போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம். தினமும் வீட்டுச் சாப்பாடு.

காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் 6. வாரம் ஒருமுறை மாறும். முதலில் இரவு, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் காலை. ஞாயிறு லீவு. தாளில் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் ஆள் பற்றாக்குறை என்று ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: மதிய ஷிப்ட் இரவு 10 மணிக்கு முடிகிறது, காலை ஷிப்ட் 6 மணிக்குத் தொடங்குகிறது. நடுவில் வெறும் 8 மணி நேரம். அதற்குள்தான் வீட்டுக்குப் போக வேண்டும், குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்கவும் வேண்டும்.

அப்படி ஒரு சனிக்கிழமை. பள்ளிகொண்டாவில் மாற்று வண்டி வரத் தாமதம். ஓசூர் சேர்ந்தபோது இரவு 11.30. பேப்பரை ஒப்படைத்து, வீட்டுக்குப் போய்ப் படுக்க 1 மணி. நாலரைக்கு அலாரம். ஞாயிறு காலை வாணியம்பாடி டோல் தாண்டி ஆம்பூர்ப் பக்கம் போகிறேன். மணி எட்டே கால் இருக்கும். கிழக்கே போகிற ரோடு, வெயில் நேராக முகத்தில். தூக்கம் என்றால் விடியற்காலை 3 மணி சமாச்சாரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கண் திறந்துதான் இருந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் ரோடு எதுவும் நினைவில் இல்லை. படார் என்று சத்தம். ஓரமாக நின்றிருந்த டிரெய்லரின் பின்மூலையில் உரசி இடது பக்கக் கண்ணாடி போய்விட்டது. இன்னும் ஓரடி இடது பக்கம் போயிருந்தால் கேபினே போயிருக்கும். கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி இறங்கினேன். தோல் தொழிற்சாலை வாடை, கை நடுக்கம், அவ்வளவுதான் ஞாபகம்.

கண்ணாடிக்கான காசைச் சம்பளத்தில் பிடித்தார்கள். கவனக்குறைவு என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். நடுவில் 8 மணி நேரம் மட்டும் விட்டது யார் என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

"நாங்களெல்லாம் மூன்று நாள் தூங்காமல் ஓட்டியவர்கள்" என்று யாராவது வருவீர்கள் என்று தெரியும். நானும் ஓட்டியிருக்கிறேன் அண்ணா. ஓட்டியதைப் பெருமையாகச் சொல்ல உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தானே வருகிறோம்.

சங்கத்தில் ஒரு பெரியவர் அப்புறம் காட்டினார். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவில் குறைந்தது 9 மணி நேர ஓய்வு என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் நாலு பேர் காலண்டரைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போனோம். கேட்டது ஒன்றுதான்: சுற்றைத் திருப்பிப் போடுங்கள். காலை, அடுத்து மதியம், அடுத்து இரவு. இப்படிச் சுற்றினால் காலை ஷிப்டை 2 மணிக்கு முடித்தவன் மறுநாள் 2 மணிக்கு வந்தால் போதும். ஞாயிறு லீவைப் பிடுங்கினாலும் 24 மணி நேரம் கிடைக்கும். பழைய சுற்றில் இரவிலிருந்து மதியத்துக்கு மாறினாலும், மதியத்திலிருந்து காலைக்கு மாறினாலும் 8 மணி நேரம்தான். உடம்புக்கும் இதுதான் சௌகரியம். கொஞ்சம் தாமதமாகத் தூங்கு என்றால் கேட்கும், சீக்கிரம் தூங்கு என்றால் கேட்காது. காசு செலவில்லாத கோரிக்கை, ஆறு மாதம் இழுத்துத்தான் ஒத்துக்கொண்டார்கள்.

வாரம் ஒருமுறை மாற்றுவது என்னைக் கேட்டால் ரெண்டுங்கெட்டான். நாலாவது நாள்தான் பகல் தூக்கம் லேசாகப் பிடிபடும், ஆறாவது நாள் மாற்றிவிடுவார்கள். இரண்டு இரண்டு நாளாக மாற்றுவது எனக்குப் பிடிக்கும். மாதக் கணக்கில் கேட்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதும் தப்பில்லை. வருமானம் குறையும், அதையும் மறைக்கவில்லை. எனக்கு மாதம் 5,000 வரை குறைந்தது.

     

சரி, இன்னொன்று கேட்க மறக்காதீர்கள். லோடு இறக்கக் காத்திருக்கும் நேரம் டூட்டியில் சேருமா, ஓய்வில் சேருமா? எங்களிடம் "வண்டி நிற்கும்போது நீயும் சும்மாதானே இருக்கிறாய்" என்று ஓய்வில் சேர்க்கப் பார்த்தார்கள். டூட்டி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.