ஏரியைச் சுவரில் பார்த்தல்: கேள்வி பதில்

பழவேற்காடு ஏரியைப் பொருளாகக் கொண்ட ஓவியக் கண்காட்சி ஒன்று சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் நடைபெற்று வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் போகவிருப்பவர்களும் தடா, சூளூர்பேட்டை, சத்தியவேடு, ஆரம்பாக்கம் பகுதிகளிலிருந்து கேட்ட கேள்விகளுக்கு, ஆந்திர எல்லையில் நெடுங்காலம் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஓவியத்தைப் பற்றி எதுவும் தெரியாமல் போனால் ஏதாவது புரியுமா, ஐயா? (தடா வாசகி)

தாராளமாகப் போய் வாருங்கள், அம்மா. உள்ளே நுழைந்ததும் விளக்க அட்டையைத் தேடாமல், ஒவ்வொரு படத்திலும் அடிவானக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் கவனியுங்கள். கோடு தாழ்ந்திருந்தால் ஓவியர் வானத்தை வரைய வந்தவர். உயர்ந்திருந்தால் அவருக்கு நீர்தான் முக்கியம். ஆஸ்திரியாவின் ஆட்டர்சே ஏரியைக் குஸ்டாவ் கிளிம்ட் சதுரக் கித்தானில் வரைந்தபோது, ஏறக்குறைய படம் முழுவதையும் அலைகளுக்கே கொடுத்துவிட்டு, கரையை மேல் விளிம்பில் ஒதுக்கிவிட்டார்.

ஒரே ஏரி ஒரு படத்தில் செம்மண் நிறத்திலும், இன்னொன்றில் சுண்ணாம்பு போல வெளுப்பாகவும் இருக்கிறது. இது கற்பனையா? (சூளூர்பேட்டை)

கற்பனை இல்லை. நீங்கள் ஸ்ரீஹரிகோட்டைச் சாலையில் ஐப்பசியில் ஒரு முறையும் வைகாசியில் ஒரு முறையும் போயிருந்தால் இரண்டையும் பார்த்திருப்பீர்கள். நம் ஏரி ஆழமற்றது. பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். ஆகவே அதற்கென்று தனி நிறம் கிடையாது. வானமும் அடிச்சேறும் எந்த நிறமோ அந்த நிறம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் வண்டலோடு வந்து சேரும்போது நீர் சிவக்கிறது. கோடையில் வடபகுதி வற்றி உப்புப் பூத்து, பார்வைக்குக் கண் கூசும் வெண்மையாகிறது. எனக்குச் சந்தேகம் வருவது, வருடம் முழுவதும் ஏரியை நீலமாகவே வரைபவர்கள்மீதுதான்.

பூநாரைகளை முழு ரோஜா நிறத்தில் வரைந்திருக்கிறார்கள். என் மகன் "தப்பு" என்கிறான். யார் சரி? (சூளூர்பேட்டை)

உங்கள் மகன்தான் சரி. பெரும் பூநாரை நிற்கும்போது பெரும்பாலும் வெள்ளையாகவே தெரியும். சிறகை விரித்துப் பறக்கும்போதுதான் செந்நிறமும் ஓரத்துக் கருப்பும் வெளிப்படும். அந்தச் சிவப்பும் அது தின்னும் பாசியிலிருந்தும் சிறு நீர்வாழ் உயிர்களிலிருந்தும் வருவதே. குஞ்சுகள் சாம்பல் நிறம். அவற்றை அப்படியே வரைந்த சிறிய நீர்வண்ணப் படம் ஒன்று கதவோரத்தில் இருக்கிறது, தவறவிடாதீர்கள். காலில் பின்பக்கமாக மடங்குவது முழங்கால் அல்ல, கணுக்கால். அதைச் சரியாக வரைந்தவர் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று நம்பலாம்.

ஓர் அறை மட்டும் ஏன் அவ்வளவு இருட்டு? (சத்தியவேடு)

தாளில் வரைந்த நீர்வண்ணமும் சாயத்துணியும் வெளிச்சத்தில் வெளுக்கும். அந்த இழப்பை எதனாலும் மீட்க முடியாது. அதனால் அவற்றுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி படாமல் அருங்காட்சியகங்கள் பார்த்துக்கொள்கின்றன. இரண்டு நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும். கைப்பேசி பிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள்.

ஏரிக் கண்காட்சியில் பழைய துணிக்கு என்ன வேலை? (சத்தியவேடு)

நிறைய வேலை. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதன் முக்கிய நோக்கமே துணி வணிகம்தான். சோழமண்டலக் கரையின் சாயத்துணியைக் கொடுத்துத் தென்கிழக்கு ஆசியாவில் வாசனைப் பொருட்களை வாங்கினார்கள். மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலெகாட்' என்றே பெயர். பெலெகாட் என்பது நம் பழவேற்காடுதான். கண்ணாடிக்குள் இருக்கும் துணியில், சிவப்பு நூலும் நீல நூலும் குறுக்கிடும் கட்டங்கள் மட்டும் கத்தரிப்பூ நிறமாகத் தெரிவதைக் குனிந்து பாருங்கள். அங்கே மூன்றாவது சாயம் எதுவும் இல்லை.

ஜப்பானிய ஏரிப் படங்களின் நகல்களை ஏன் நடுவில் மாட்டியிருக்கிறார்கள்? (ஆரம்பாக்கம்)

கண்காட்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான் என்பதால் சற்று நீட்டிச் சொல்கிறேன். அவை ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1834ஐ ஒட்டி மரக்கட்டை அச்சில் செய்த, பிவா ஏரியின் எட்டுக் காட்சிகள். எட்டுக் காட்சிகளாக ஒரு நீர்ப்பரப்பைப் பார்க்கும் மரபு சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்றது. இந்த எட்டும் வெறும் இடங்கள் அல்ல; ஒவ்வோர் இடமும் ஒரு பொழுதோடோ பருவநிலையோடோ சேர்ந்தது: கராசாகியில் இரவு மழை, கதாதாவில் இறங்கும் வாத்துகள், மீ கோவிலின் மாலை மணியோசை, யாபாசேக்குத் திரும்பும் பாய்மரங்கள் என்று போகும். மணியோசையை எப்படி வரைவது என்று கேட்பீர்கள். மலையும் மங்கலும் மட்டுமே அங்கே இருக்கும், ஓசையைப் பார்ப்பவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். வானத்தின் மேல் விளிம்பில் அடர்நீலம் மெல்லக் கரைந்து போவதைக் கவனியுங்கள். அது தூரிகை வேலை அல்ல. ஈரக் கட்டையில் சாயத்தைத் துடைத்துத் துடைத்துப் பெற்ற சாய்வு. நம்முடைய நெய்தல் திணையும் எற்பாட்டை, அதாவது பொழுது சாயும் நேரத்தை, தன் பொழுதாக வைத்திருப்பதால், இந்தக் கணக்கு நமக்கு அந்நியமும் இல்லை.

என் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளியில் படிக்கிறார்கள். தமிழ் அட்டைகளை வாசிக்க வராதே? (தடா)

அவர்கள் அட்டை படிக்காமல் பார்ப்பதே நல்லது. வேண்டுமானால் நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள்.

நான் வலை போடுகிறவன். எந்தப் படத்திலும் எங்கள் ஆட்கள் இல்லையே, ஐயா? (ஆரம்பாக்கம்)

உங்கள் குறை நியாயமானது. நானும் எண்ணிப் பார்த்தேன், படகுகள் இருக்கின்றன, ஆட்கள் ஏறக்குறைய இல்லை. ஆனால் மூன்றாவது அறையில் உள்ள பெரிய எண்ணெய் வண்ணப் படத்தில், நீரின் நடுவே வரிசையாகச் செங்குத்துக் கோடுகள் நிற்கின்றன. நகரத்துப் பார்வையாளர் ஒருவர் அவற்றை 'தனிமையின் குறியீடு' என்று தம் நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவை வலை கட்டும் கழிகள் என்பதும், அந்த இடத்தில் இன்று யாருடைய பாடு, அதாவது வலை போடும் முறை, என்பதை முறைவைத்துத்தான் பிரித்துக்கொள்கிறீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். வாசலில் கருத்துப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதில் இதை எழுதிவிட்டு வாருங்கள்.