பள்ளிவாசல் பூட்டியிருந்த நாட்கள்: கேள்வி பதில்

கொரோனா ஊரடங்கு சமயத்துல கிருஷ்ணகிரியில ஒரு ஜமாஅத்துல (பள்ளிவாசல் நிர்வாகத்துல) பொறுப்புல இருந்தேன். அதைப் பத்தி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில்கள்.

பர்கூர்: பாய், 2020 ஏப்ரல் கடைசியில தமிழ்நாட்டுலயே பச்சை மண்டலம், அதாவது தொற்று இல்லாத பகுதி, நம்ம மாவட்டம் மட்டும்தான். நோயே இல்லாத ஊர்ல ஜும்ஆவை (வெள்ளிக்கிழமை கூட்டுத் தொழுகையை) நிறுத்தணுமா?

நிறுத்தத்தான் வேணும் தம்பி. ஓசூரைத் தாண்டினா பெங்களூரு. நெடுஞ்சாலையில லாரி ஓடிக்கிட்டே இருந்துச்சு. மே மாசமே அந்தப் பச்சையும் போச்சு. அதோட, கொள்ளைநோய் உள்ள ஊருக்குப் போகாதே, நீ இருக்கிற ஊர்ல வந்தா வெளியேறாதேன்னு நபிமொழியே இருக்கு. நபிக்கு அப்புறம் ஆட்சி செஞ்ச கலீஃபா உமர் சிரியா போற வழியில, அங்க கொள்ளைநோய்னு கேட்டுத் திரும்பிட்டார். அல்லாஹ்வோட விதிக்குப் பயந்து ஓடுறீங்களான்னு கேட்டார் நபித்தோழர் அபூ உபைதா. ஆமா, அவனோட ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குன்னார் உமர். ஈமான் (இறைநம்பிக்கை) இருக்கிறவனுக்கு நோய் வராதுன்னு எங்ககிட்ட மல்லுக்கு நின்னவங்களுக்கு இதைத்தான் சொன்னோம். சிலர் ஒத்துக்கிட்டாங்க. மத்தவங்க முறைச்சுக்கிட்டே ஜும்ஆவுக்குப் பதிலா வீட்டுல லுஹர் (மதியத் தொழுகை) தொழுதாங்க.

காவேரிப்பட்டணம்: அந்த ரமலான்ல நோன்புக் கஞ்சி?

பள்ளிவாசல்ல கஞ்சி காய்ச்சவே இல்ல. அரசு கொடுத்த அரிசியை வீடு வீடாக் கொடுத்தோம். வீட்டுக் கஞ்சியில பள்ளிக் கஞ்சி ருசி வராது, அது வேற விஷயம்.

அரூர்: பாய், தப்லீக் மாநாட்டாலதான் பரவுச்சுன்னு அப்ப எல்லாரும் பேசினாங்களே?

தப்லீக்ங்கிறது இஸ்லாமியப் பிரசார இயக்கம். டில்லியில இருக்கிற அதோட தலைமையகமான மர்கஸுக்குப் போனவங்கள்ல பலருக்குத் தொற்று இருந்தது நிஜம். அந்த நேரத்துல அத்தனை பேர் ஒரே கட்டடத்துல தங்கினது தப்புதான், மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா அதுக்காக மளிகைக் கடை பாய்கிட்ட சாமான் வாங்க யோசிச்சது என்ன நியாயம்? குணமான தப்லீக்காரங்க பலர், மத்த நோயாளிகளோட சிகிச்சைக்காக ரத்தத்துல இருந்து பிளாஸ்மா கொடுத்தாங்க. வெளிநாட்டிலிருந்து வந்த தப்லீக்காரங்களைப் பலிகடா ஆக்கியிருக்காங்கன்னு அந்த ஆகஸ்ட்லயே பம்பாய் உயர் நீதிமன்றத்தோட ஔரங்காபாத் கிளை அவங்க மேல இருந்த வழக்கை ரத்து பண்ணுச்சு. அந்தச் செய்தி வாட்ஸ்அப்ல சுத்தவே இல்ல.

தர்மபுரி: கொரோனாவுல இறந்தவங்க மய்யித்தை (உடலை) குளிப்பாட்டாம அடக்கினது சரிதானா அத்தா?

எங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது இதுதாம்மா. தொட்டுக் குளிப்பாட்டக் கூடாதுன்னு அப்ப சுகாதாரத் துறை விதி இருந்துச்சு. உடலை வெச்ச பையைத் திறந்து முகம் காட்டலாம், தொடாம ஓதலாம்னு இருந்துச்சு. குளிப்பாட்ட முடியலைன்னா தயம்மும் (தண்ணிக்குப் பதிலா சுத்தமான மண்ணால தடவுறது), அதுக்கும் வழியில்லைன்னா அந்தக் கடமை நீங்கிடும்னு உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சொன்னாங்க. பாதுகாப்பு உடையில நாலஞ்சு பேர் நின்னு ஜனாஸா (இறந்தவங்களுக்கான தொழுகை) தொழுதாங்க. பெத்த மகன் கபரஸ்தான் (அடக்கத்தலம்) கேட்டுக்கு வெளியில நின்னே தக்பீர் கட்டித் தொழுததைப் பார்த்திருக்கேன். தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) தொண்டர்கள் மத்த மதத்தவங்க உடலையும் அவங்கவங்க முறைப்படி அடக்கம் பண்ணிக் கொடுத்தாங்க.

ஓசூர்: நோன்போட தடுப்பூசி போட்டா நோன்பு முறியுமா?

முறியாது. சதையில போடுற ஊசி, அது உணவு இல்ல. காய்ச்சல் வந்து தாங்க முடியலைன்னா நோன்பை விட்டுட்டு அப்புறமா களா செய்யலாம், அதாவது விட்டதை வேற நாள்ல வைக்கலாம்.