காப்பீட்டுப் பணம் மறுப்பு: கேஸுக்கு முன் ஒரு வழி

அண்ணாச்சி, அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்குச் செலவான 38,000 ரூபாயைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது, கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நடை போய், நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் மனு கொடுப்பது பற்றிக் கேளுங்கள். பஸ், தபால், மின்சாரம், குடிநீர், ஆஸ்பத்திரி போலக் காப்பீடும் அதன் வரம்புக்குள் வரும். கோர்ட் கட்டணம் கிடையாது.

சாதாரண மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) எதிர்த்தரப்பு ஒத்துவராவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் அப்படியில்லை. முதலில் சமரசம் பேசுவார்கள். அது முறிந்தால் அவர்களே தீர்ப்புச் சொல்லலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 2002இல் சேர்த்த இந்த ஏற்பாடு நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய பலம் என்றே நினைக்கிறேன். கம்பெனி பேச வராமலே காலம் கடத்த முடியாது.

ஆனால் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்: தீர்ப்புக்கு அப்பீல் இல்லை, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு மட்டும்தான் போட முடியும். மனு கொடுத்த பிறகு அதே பிரச்சினைக்கு வேறு கோர்ட்டுக்கும் போக முடியாது.

அப்புறம், மறுப்பை எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? போனில் சொன்னது போதாது. பாலிசி, டிஸ்சார்ஜ் சம்மரி, பில் நகல்களோடு அந்தக் கடிதத்தையும் கொண்டுபோங்கள்.