பெரிய நட்சத்திரம் செத்தா மிச்சம் என்ன இருக்கும்?

நட்சத்திரம் வெடிச்சா எல்லாமே பிளாக் ஹோல், அதாவது வெளிச்சம்கூட தப்ப முடியாத அளவுக்கு இழுக்குற ஒண்ணு, ஆகிடுமான்னு கேட்டிருந்தீங்க. ஆகாது. சூரியனை விட ஒரு 8 மடங்காவது கனமா இருந்தாத்தான் இந்த வெடிப்பே.

ஹைட்ரஜன், ஹீலியம், கார்பன்னு ஒண்ணொண்ணா எரிச்சிக்கிட்டே போகும், கடைசியில சிலிக்கான், அது சில நாள்ல தீந்துடும், அப்புறம் நடுவுல இரும்புதான் சேரும். இரும்பு அடுப்புச் சாம்பல் மாதிரி, எவ்வளவு ஊதினாலும் சூடு தராது. தாங்கிப் பிடிக்க ஆளில்லாம நடுப்பகுதி ஒரு செகண்டுக்குள்ள உள்ள சரிஞ்சிடும், மேல உள்ளது வெளிய சிதறும், அதான் சூப்பர்நோவா. மிஞ்சுறது நியூட்ரான் ஸ்டார், அதாவது நியூட்ரான் துகள்கள் நெருக்கி அடைஞ்ச உருண்டை, அகலம் சுமார் 20 கிலோமீட்டர், நம்ம தென்னாப்பிரிக்காவுல டர்பன் டவுன்லேருந்து உம்லாங்கா போற தூரம்தான், ஆனா கனம் சூரியனை விட அதிகம்! மிஞ்சுறது இன்னும் ரொம்ப கனமா இருந்தாத்தான் பிளாக் ஹோல்.

1987 பிப்ரவரியில ஒண்ணு வெடிச்சது நம்ம தெற்கு வானத்துல, பெரிய மெகல்லன் மேகம்கிற பக்கத்து குட்டி கேலக்ஸியில, வெறும் கண்ணுக்கே தெரிஞ்சுது, இந்தியாவுல உள்ள சொந்தக்காரங்கள்ல தெற்குப் பக்கம் இருக்குறவங்களுக்கு மட்டும்தான் அடிவானத்தை ஒட்டித் தெரிய வாய்ப்பு இருந்துச்சு. டர்பன் சாட்ஸ்வொர்த் தெருவிளக்குல அந்த மேகத்தைத் தேடாதீங்க, டிசம்பர்ல இருட்டா இருக்குற கரூ வறண்ட காட்டுப் பக்கம் போனா வெள்ளைக் கறை மாதிரி தெரியும். அந்த வெடிப்புக்குள்ள நியூட்ரான் ஸ்டார் இருக்குறதுக்கு விண்வெளியில உள்ள வெப் டெலஸ்கோப் 2024லதான் நல்ல ஆதாரம் குடுத்துச்சு.