இயேசு ஒரே முறை பலியாகிவிட்டார் என்றால் தினமும் பூசை எதற்கு, நடுவில் குரு எதற்கு?

புதிய ஏற்பாட்டில் எபிரேயர் திருமுகத்தின் 10ஆம் அதிகாரத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறீர்கள். கிறிஸ்து ஒரே முறை தம்மைப் பலியாகக் கொடுத்துவிட்டார் என்று அங்கே தெளிவாக இருக்கும்போது, கத்தோலிக்கர்கள் தினமும் அப்பமும் திராட்சை ரசமும் வைத்துத் திருப்பலி, அதாவது பூசை, நிறைவேற்றுவது ஏன், மீட்புக்கு நடுவில் ஒரு சாமியார் எதற்கு என்று. இதே கேள்வியை என் அத்தை என்னிடம் கேட்டிருக்கிறார்.

நான் புதுச்சேரிக்காரன், சம்பா கோவிலில் பூசைக்கு உதவி செய்து வளர்ந்தவன். அத்தை கல்யாணமாகிக் கடலூர் போய் புராட்டஸ்டன்ட் சபையான ஆற்காடு லுத்தரன் திருச்சபையில் சேர்ந்துவிட்டார். நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்கு நடுவில், "ஏண்டா, ஒரு தடவை செத்தவரைத் தினம் தினம் சாகடிக்கிறீங்களே, உங்களுக்கே பொறுக்குதா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சோறும் இறங்கவில்லை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

பலி என்றதும், கோபமாக இருக்கிற கடவுளுக்கு ரத்தம் காட்டிச் சாந்தப்படுத்துவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பலியை மட்டும் தனியாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். உடன்படிக்கையோடு, அதாவது கடவுள் மக்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தோடு, சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழில் உடன்படிக்கை 'செய்கிறோம்'. எபிரேய மொழியில் அதை 'வெட்டுவார்கள்', சொல்லே அதுதான். தொடக்கநூல் 15இல் ஆபிராம் (பின்னாளில் ஆபிரகாம்) கிடாரி, வெள்ளாடு, செம்மறிக்கடா மூன்றையும் இரண்டாகப் பிளந்து, பாதிக்கு எதிரே பாதியாக வைக்கிறார். பேச்சு மாறினால் இந்தக் கன்றுக்குட்டியின் கதிதான் எனக்கு என்று சொல்கிற மாதிரி அந்த நடுவழியே நடந்து போவது அந்தக் கால வழக்கம், எரேமியா 34இலும் அது வருகிறது. ஆனால் ஆபிராம் நடக்கவே இல்லை. அவருக்கு ஆழ்ந்த உறக்கம் வந்துவிடுகிறது, இருட்டிய பிறகு புகைகிற தீச்சட்டியும் எரிகிற பந்தமும் மட்டும் அந்தத் துண்டுகளுக்கு நடுவே கடந்து போகின்றன. அதாவது கடவுள் மட்டும் நடக்கிறார், மீறினால் வரும் கேட்டையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறார். சிலுவை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். மீறியது நாம், பிளக்கப்பட்டது அவர்.

சரி, வெட்டியாகிவிட்டது, அப்புறம்? பண்ருட்டிப் பக்கம் ஒரு நண்பன் ஊரில் கிடா வெட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர் தெளித்து, கிடா உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்திருந்து வெட்டினார்கள். அது சில நொடி. அதற்கப்புறம் சாயங்காலம்வரை சமையலும் பந்தியும்தான். பல வருஷமாகப் பேசாமல் இருந்த இரண்டு பங்காளி வீட்டுக்காரர்கள் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள், ஒருவர் குழம்பு வாளியை வாங்கி இன்னொருவர் இலையில் ஊற்றினார். மோசே செய்ததும் ஏறக்குறைய இதே வரிசைதான். விடுதலைப்பயணம் 24இல் ரத்தத்தில் பாதியைப் பீடத்தின்மேலும் பாதியை, 'இதோ உடன்படிக்கையின் இரத்தம்' என்று சொல்லி, மக்கள்மேலும் தெளிக்கிறார், பிறகு மூப்பர்கள் மலையேறிக் கடவுளைக் கண்டார்கள், உண்டார்கள், குடித்தார்கள் என்று வருகிறது. இயேசு கிண்ணத்தைக் கையில் எடுத்து 'உடன்படிக்கையின் இரத்தம்' என்றபோது மோசேயின் அந்த வார்த்தையைத்தான் எடுத்தார், அதுவும் சாப்பாட்டு மேசையில்.

ஆகவே பூசையில் யாரும் அவரைத் திரும்பச் சாகடிப்பதில்லை. ஆனால் 'வெறும் ஞாபகார்த்த விருந்து' என்று சொல்லியும் நான் நழுவ மாட்டேன், கத்தோலிக்க நம்பிக்கை அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. 1562இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் வகுத்தபடி, சிலுவையில் பலியானவரும் பூசையில் பலியாகிறவரும் ஒருவரே, ஒப்புக்கொடுப்பவரும் அவரே, ரத்தம் சிந்தாத முறை என்பது மட்டுமே வேறு. யூதர்கள் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பாஸ்கா விழாவைக் கொண்டாடும்போது ஒவ்வொரு தலைமுறையும் தானே எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததாக எண்ண வேண்டும் என்பது அவர்கள் மரபு. 'என் நினைவாகச் செய்யுங்கள்' என்பதில் உள்ள நினைவு அந்த மாதிரியானது. கல்வாரியில் நடந்த சிலுவைப் பலி இங்கே திரும்ப நடப்பதில்லை, நாம் அங்கே போய் நிற்கிறோம்.

குரு விஷயத்துக்கு வருகிறேன். காணிக்கைக்குப் பிறகு குருவானவர் கை கழுவும்போது தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அவர் ஏதோ முணுமுணுப்பார். பத்து வயதில் ஒருநாள் காதைக் கொடுத்துக் கேட்டேன், தன் குற்றத்தைக் கழுவச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார். பூசை முடிந்ததும், "சாமி, நீங்களும் பாவம் செய்வீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "அதனாலதாண்டா தினமும் கழுவுறேன்" என்றார். எபிரேயர் 7 சொல்வதும் இதைத்தான். பழைய தலைமைக் குருக்கள் முதலில் தங்கள் பாவத்துக்காகப் பலி கொடுக்க வேண்டியிருந்தது, இயேசுவுக்கு அது தேவைப்படவில்லை. இயேசு யூதா குலம், குருக்கள் வரும் லேவி குலம் இல்லை, மோசேயின் சட்டப்படி குருவாகவே முடியாது. அதனால்தான் அந்தத் திருமுகம் அவரை, தொடக்கநூலில் வரும் மெல்கிசதேக்கு என்ற பழைய குருவின் முறைப்படி குரு என்கிறது. ஆபிராமை எதிர்கொண்டு வந்தபோது மெல்கிசதேக்கு கொண்டுவந்ததும் அப்பமும் திராட்சை ரசமும்தான். உண்மையான குரு அந்த ஒருவரே, எங்கள் சாமியார் தன் கையையும் குரலையும் அவருக்குக் கொடுக்கிறார். திருமுழுக்கு வாங்கிய எல்லோருமே குருத்துவக் கூட்டம் என்று 1 பேதுரு 2 சொல்வதை, லுத்தரன் சபைகளுக்கு வித்திட்ட லூத்தர் உரக்கச் சொன்னார். பொதுக் குருத்துவம் என்று கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அதைச் சொல்கிறது, ஆனால் சாமியார்களின் பணிக் குருத்துவம் அதிலிருந்து தன்மையிலேயே வேறானது என்கிறது. இந்த இடத்தில் அத்தையும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

மீட்பு நம் புண்ணியத்தால் வருவதில்லை, அருளால்தான் என்று 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டுவிட்டன. இருந்தும் எங்கள் கோவிலில் அத்தை நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்க முடியாது. எல்லோரும் வரிசையில் போகும்போது அவர் மட்டும் இருக்கையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் வலிக்கிறது.

இன்னொன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, அத்தைக்கும் தெரியாது. இயேசு இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளிக்கிழமை அன்று எங்களுக்குப் பூசையே கிடையாது. அன்றைய வழிபாடு தொடங்கும்போது பீடத்தில் துணிகூட இருக்காது. ஒரு வருஷம் அன்றைக்கு அத்தையைக் கூட்டிப் போனேன். சிலுவையை முத்தமிடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார், செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு.