மிஜ்விஸ் என்னும் இரட்டைக் குழல்: கேள்வி பதில்

கேள்வி: மிஜ்விஸ் நம் நாகசுரத்துக்கு உறவா?

பதில்: இல்லை, மகுடிக்கே நெருங்கிய உறவு. நாகசுரத்தின் ஊதுமுனையான சீவாளியில் இரு பக்கங்களும் ஒன்றையொன்று தொட்டு அதிர்கின்றன. மிஜ்விஸிலோ சிறு நாணல் துண்டிலேயே கீறி எழுப்பிய ஒற்றை நாக்கு அதிர்கிறது. மகுடியின் சுரைக்குடுவைக்குள்ளும் இவ்வகை நாக்குகளே ஒளிந்திருக்கின்றன. மிஜ்விஸ் கலைஞர் இரு நாக்குகளையும் முழுவதுமாக வாய்க்குள் வைத்துக்கொள்வதால், குடுவையின் வேலையை அவர் வாயே செய்துவிடுகிறது.

கேள்வி: இரு குழல்களும் ஒரே சுரத்தைத்தான் ஒலிக்கின்றன என்றால் ஒன்று போதாதா?

பதில்: போதாது, இக்கருவியின் உயிரே அங்குதான் இருக்கிறது. அரபியில் அதன் பெயருக்கே 'இணையானது' என்று பொருள். நூலாலும் மெழுகாலும் பிணைத்த இரு குழல்களிலும் பெரும்பாலும் ஆறாறு துளைகள் இருக்கும். ஒரு விரல் அருகருகே உள்ள இரு துளைகளையும் சேர்த்தே மூடும். கையால் செய்த இரு குழல்களின் சுருதி முழுவதும் ஒன்றாக அமைவதில்லை. ஒன்று நொடிக்கு 440 முறையும் மற்றொன்று 444 முறையும் அதிர்ந்தால், நொடிக்கு நான்கு முறை ஒலி எழுந்து தணியும். லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் ஆகிய நாடுகளின் திருமணங்களில், கைகோத்துத் தரையை மிதித்தாடும் தப்கே ஆட்டக்காரர்களின் ஆரவாரத்தையும் மீறிக் கேட்பது அந்த அலைவுதான். இதைச் சுருதிப் பிசகு என்று சொல்வோரை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: கலைஞர் மூச்சே வாங்காமல் ஊதுவதுபோல் தோன்றுவது எப்படி?

பதில்: கன்னங்களில் தேக்கிய காற்றை அவர் குழலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும் அந்தக் கண நேரத்திலேயே மூக்கு வழியே புதுமூச்சை இழுத்துக்கொள்கிறார். ஒரு கோப்பை நீரில் உறிஞ்சுகுழலை வைத்து, குமிழிகள் அறுபடாமல் ஊதிப் பழகுங்கள். குமிழி நின்றால் மூச்சு மாற்றும் இடத்தில் தவறு என்று பொருள்.

கேள்வி: எகிப்தின் அர்குல் வேறு கருவியா?

பதில்: ஆம். அதில் ஒரு குழலில் மட்டுமே விரல் துளைகள் உண்டு. நீண்ட மற்றொன்று சுருதியைப் பிடித்து நிற்கும்.

கேள்வி: அரபு இசையில் நம் ராகம் போன்ற மகாம்களுள் ஒன்றான பயாத்தியை மின்விசைப்பலகையில் பழகிவிட்டு மிஜ்விஸுக்கு வரலாமா?

பதில்: விசைப்பலகையின் வழக்கமான சுருதியில் அது கிடைக்காது. பயாத்தியின் இரண்டாம் சுரம் அடிச்சுரத்திலிருந்து ஏறத்தாழ முக்கால் சுர இடைவெளியில் நிற்கிறது; அடுத்தடுத்த இரு விசைகளுக்கு நடுவே விழும் அந்த இடத்தை, மிஜ்விஸ் செய்பவர் துளையிடும்போதே குழலில் அமைத்துவிடுகிறார். எனவே நேராகக் குழலிலேயே தொடங்குங்கள்.